பத்துப் பேர் வேண்டும்: கொச்சி யூத செபாலயத்தின் கதை

கோயிலில்லாத ஊரிற் குடியிருத்தல் ஆகாதென்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கோயில் இருந்தும், அதிற் கூடித் தொழுவதற்கு ஊரில் ஆளில்லாமற் போனால் என் செய்வதென்று அவர்கள் சொல்லவில்லை. அத்தகைய நிலை ஒன்று நேருமென அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள் போலும். ஆயினும் நமக்கு அண்மையிலே, மலையாளக் கரையிலுள்ள கொச்சி நகரிலே, அந்நிலையை எய்திய ஆலயம் ஒன்று உண்டு. அதன் சுவர்கள் உறுதியாக நிற்கின்றன. விளக்குகள் பளபளக்கின்றன. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வந்து பார்த்துச் செல்கின்றனர். ஆனால் அங்கு முறைப்படி கூட்டு வழிபாடு நடத்துவதற்கு அவ்வூரிற் போதிய ஆட்கள் இல்லை.

கொச்சியின் ஒரு பகுதியாகிய மட்டாஞ்சேரியில் யூதத் தெரு என்றொரு தெரு இருக்கிறது. தெருவின் இருமருங்கிலும் தோளோடு தோள் சேர்ந்தாற்போலப் பழைய வீடுகள். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கிடங்குகள் சில. பழம்பொருள் விற்கும் கடைகள் பல. அத்தெரு முடியுமிடத்திலே வெண்மையான மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் அருகே, ஓடு வேய்ந்த கூரையும் வெள்ளையடித்த சுவருமாக, ஆடம்பரம் ஏதுமின்றி இருப்பதே பரதேசி செபாலயம். 1568ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற இவ்வாலயம், பொதுநலவாய நாடுகளுள் இன்றும் வழங்கும் யூத ஆலயங்களில் மிகப் பழையதென்று போற்றப்படுகின்றது.

யூத சமயத்திலே ஒரு விதி உண்டு. தனியொருவன் வீட்டிலிருந்தும் இறைவனைத் தொழலாம். ஆனால் சபை கூடி வழிபடுதற்கும், வேதச் சுருளை வெளியே எடுத்து ஓதுவதற்கும், இறந்தோர்க்குரிய செபத்தைச் சொல்லுதற்கும், பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்மக்கள் பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும். இப்பதின்மரை எபிரேய மொழியில் 'மின்யான்' என்பர். ஒன்பது பேர் இருந்து, அவருள் ஒருவர் பேரறிஞராயினும் பயனில்லை. பத்தாவது ஆள் வந்தே தீரவேண்டும். வாசகர்கள் இந்தப் பத்து என்னும் எண்ணை மனத்தில் இருத்திக்கொண்டு இக்கதையை வாசிப்பாராக. கதை முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே நடைபெறுகின்றது.

முசிறியிலிருந்து கொச்சிக்கு

மலையாளக் கரைக்கு யூதர் எப்பொழுது வந்தனர் என்பது பற்றிக் கர்ணபரம்பரைக் கதைகள் பல உள. சாலமோன் அரசனின் மரக்கலங்களோடு வந்தனர் என்பார் சிலர். எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பின்னர் வந்தனர் என்பார் வேறு சிலர். கதைகள் எவ்வாறாயினும், கையிலே தொட்டுப் பார்க்கத்தக்க சான்று ஒன்று உண்டு. சுமார் 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடே அது.

அச்செப்பேடு நமக்கு அந்நியமானதன்று. அது பொறிக்கப்பட்ட எழுத்து, பாண்டி நாட்டிலே தமிழ் எழுதுவதற்கும் பயன்பட்ட வட்டெழுத்து. அதன் மொழியோ, தமிழும் மலையாளமும் முற்றாகப் பிரியாத காலத்து மொழி. அது வழங்கப்பட்ட முயிரிக்கோடு, சங்கப் புலவர் பாடிய முசிறித் துறையையொட்டிய ஊராகும். பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் முதலாக எழுபத்திரண்டு உரிமைகளை மன்னன் அத்தலைவனுக்கும் அவன் வழியினருக்கும் அளித்தான். வரிகள் சிலவற்றினின்றும் அவர்களை விடுவித்தான். 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிக உரிமையும் அவற்றோடு சேர்ந்தது. வேற்று நாட்டிலிருந்து வந்து வேற்றுத் தெய்வத்தைத் தொழும் ஒருவனுக்கு இத்துணைச் சிறப்பும் செய்த மன்னனை நினைக்கும்பொழுது நெஞ்சம் நிறைகின்றது. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட அச்செப்பேடு பின்னாளிற் பரதேசி செபாலயத்தின் பெருஞ்செல்வமாயிற்று.

1341ஆம் ஆண்டிலே பெரியாற்றிற் பெருவெள்ளம் ஏற்பட்டது. முசிறித் துறைமுகம் மணலால் தூர்ந்தது. கொச்சியிலே புதிய துறைவாய் திறந்தது. கப்பல்கள் சென்ற இடத்துக்கு வணிகரும் சென்றனர். கொச்சங்காடி என்னுமிடத்திலே யூதர் ஆலயம் ஒன்றை எழுப்பினர். அது எழுந்த எபிரேய ஆண்டு 5105, அதாவது 1344ஆம் ஆண்டளவு, எனக் கூறும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்தக் கட்டடம் அழிந்துவிட்டது. கல் மட்டும் எஞ்சி, பரதேசி செபாலயத்தின் வெளிச்சுவரிலே பதிக்கப்பட்டிருக்கிறது.

பரதேசி என்றால் யார்?

'பரதேசி' என்று கேட்டவுடன் நம்மவர்க்குக் காவியுடுத்துக் கையில் ஓடேந்திய துறவியோ, வாசலில் நிற்கும் இரவலனோ நினைவுக்கு வரலாம். இங்கே அச்சொல் தன் பழைய பொருளில் நிற்கின்றது. பரதேசத்திலிருந்து வந்தவன் பரதேசி. 1492ஆம் ஆண்டிலே ஸ்பானிய நாட்டரசர், யூதரெல்லோரும் மதம் மாறவேண்டும், அன்றேல் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் எனக் கட்டளையிட்டனர். வெளியேறியோர் பல திசைகளிலும் சிதறினர். அவருட் சிலரும், அவர் வழிவந்தோரும், சிரியா முதலிய நாட்டு யூதர் சிலரும் நாளடைவில் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். முன்னரே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தோர் மலபார் யூதர் எனப்பட்டனர். புதிதாக வந்தோர் பரதேசி யூதர் எனப்பட்டனர்.

வந்த இடத்திலும் அவர்களுக்கு நிம்மதியில்லை. கொச்சியிலே அப்பொழுது போர்த்துக்கேயரின் கை ஓங்கியிருந்தது. ஐரோப்பாவில் யூதரைத் துன்புறுத்திய அதே பகை இங்கும் அவர்களைத் தொடர்ந்தது. அந்நேரத்திற் கொச்சி அரசர் அவர்களுக்கு அடைக்கலம் அளித்தார். ஊரின் ஒதுக்குப்புறத்திலன்று, தம் அரண்மனைக்கு அருகிலேயே நிலம் கொடுத்தார். அரண்மனை வளவிலே பழையனூர் பகவதி கோயில் இருக்கிறது. அக்கோயிலுக்கும் செபாலயத்துக்கும் இடையே இருப்பது ஒரே மதில். ஒரு பக்கத்திற் பகவதிக்கு மணியோசை. மறு பக்கத்தில் எபிரேய வேதம். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மதில் இரு சாராரையும் பகைக்கவிடாமற் காத்து நிற்கின்றது.

தீயும் மறுபிறப்பும்

இக்கட்டத்திலே கொச்சியின் கதை நம் நாட்டுக் கதையோடு வந்து கலக்கின்றது. 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும், 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்பதை மாணவர் அறிவர். யாழ்ப்பாணத்துப் படையெடுப்பை நடத்திய றைக்லொப் வான் கூன்ஸ் என்னும் தளபதியே அடுத்து மலையாளக் கரைக்குப் படைகொண்டு சென்றான். 1662ஆம் ஆண்டிற் கொச்சியை முற்றுகையிட்டான், கோட்டை விழவில்லை, முற்றுகையை விட்டு நீங்கினான்.

ஒல்லாந்தர் நீங்கியதும், அவர்களுக்கு யூதர் உதவினர் என்று சினங்கொண்ட போர்த்துக்கேயர் யூதத் தெருவின்மேற் பாய்ந்தனர். ஆலயம் தீக்கிரையாயிற்று. வீடுகள் சூறையாடப்பட்டன. ஆனால் அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் திரும்பி வந்து கொச்சியைப் பிடித்தனர். 1664ஆம் ஆண்டில் ஆலயம் மீண்டும் எழுந்தது. யாழ்ப்பாணத்திலே கத்தோலிக்கரை ஒடுக்கிய அதே ஒல்லாந்தர், கொச்சியில் யூதருக்கு மீட்பராய்த் தோன்றினர். ஒரே ஆட்சியை ஓரூரார் சபித்தும் மற்றோரூரார் வாழ்த்தியும் நினைவுகூர்தல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஒல்லாந்தர் காலம் பரதேசி யூதரின் பொற்காலமாயிற்று. அக்காலத்திலே தலைசிறந்து விளங்கியவர் எசக்கியேல் ரஹாபி. 1694 முதல் 1771 வரை வாழ்ந்த இவர், ஒல்லாந்தக் கம்பனியின் முதன்மை வணிகராயிருந்து மிளகு வாணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தார். அரசவைகளுக்குத் தூது சென்று உடன்படிக்கை பேசுவதும் இவர் பணியாயிருந்தது. தாம் ஈட்டிய பொருளிற் பெரும்பங்கை இவர் ஆலயத்துக்கு வழங்கினார். 1760ஆம் ஆண்டில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. அதன் முகங்களிலே எபிரேய எண்களும், ரோம எண்களும், மலையாள எண்களும் தனித்தனியே பொறிக்கப்பட்டன. தொழ வருவோரும், கடல் வணிகரும், அரண்மனையாரும் தத்தமக்குத் தெரிந்த எழுத்திலே நேரம் பார்க்கட்டும் என்பது கருத்து. வேண்டாதவர் எவர்க்கும் நேரம் சொல்லமாட்டேன் என்று அந்த மணிக்கூடு சொல்லவில்லை.

கூடத்தினுள்ளே

செபாலயத்தினுட் செல்வோர் பாதரட்சையை வெளியே கழற்றி வைத்தல் வேண்டும். கேரளத்துக் கோயில் மரபைப் பார்த்துக் கொச்சி யூதர் மேற்கொண்ட வழக்கமென்பர். வெறுங்காலுடன் வாயிலைத் தாண்டினால், குளிர்ந்த பீங்கான் தளம் பாதத்திற் படும். சீன நாட்டுக் கந்தோன் நகரிலிருந்து 1762ஆம் ஆண்டிலே எசக்கியேல் ரஹாபி வருவித்த ஓடுகள் அவை. வெள்ளை நிறத்தில் நீல வண்ணத்தாற் கையால் எழுதப்பட்டவை. ஏறத்தாழ 1,100 ஓடுகள். ஒன்றைப்போல மற்றொன்று இல்லை என்பர். ஒவ்வொன்றும் மனிதன் ஒருவனின் கை தனித்தனியே தீட்டியதாயின் வேறென்ன எதிர்பார்க்கலாம்?

இந்த ஓடுகளைப் பற்றி ஊரார் வேடிக்கையான கதையொன்று சொல்வர். இவை முதலில் அரண்மனைக்கென வந்தனவாம். இவற்றைச் செய்யும்பொழுது பசுவின் இரத்தம் கலக்கப்பட்டதென்று யாரோ சொல்ல, அரசர் திடுக்கிட்டு வேண்டாமென்றாராம். உடனே யூதர் அவற்றைத் தம் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டனராம். கதைக்கு ஆதாரமில்லை; ஆயினும் அயலவர் இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே சாட்சி.

தலைக்கு மேலே பெல்ஜிய நாட்டுக் கண்ணாடிச் சரவிளக்குகளும், தேங்காயெண்ணெய் ஊற்றி ஏற்றிய கண்ணாடி விளக்குகளும் தொங்குகின்றன. கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பித் தடுப்போடு கூடிய மேடை. அதன் மேல் நின்று செபத்தை நடத்துவர். மேற்குப் புறத்திலே, எருசலேம் இருக்கும் திசையை நோக்கி, செதுக்கு வேலைப்பாடமைந்த மரப்பேழை. அதனுள்ளே தோலில் எழுதிய வேதச் சுருள்கள், வெள்ளியும் பொன்னும் இழைத்த உறைகளிலே வைக்கப்பட்டுள்ளன. திருவிதாங்கூர் மன்னர் அன்பளிப்பாக வழங்கிய பொன்முடி ஒன்றும் வேதச் சுருளுக்கு அணிகலனாயுள்ளது. பிற்காலத்திலே எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெயிலி செலாசி அளித்த கம்பளமும் இங்கு உண்டு.

கேரளத்து யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பொன்று கட்டடக் கலை பயிலும் மாணவர் நோக்கத்தக்கது. பிற நாடுகளில் மேடை ஒன்றே இருக்கும். இங்கே மேல்மாடத்திலும் இன்னொரு மேடை உண்டு. ஓய்வுநாளிலும் திருவிழாக்களிலும் வேதச் சுருளை அங்கே கொண்டுசென்று வாசிப்பர். அம்மேடைக்குப் பின்னாலே, மரச் சட்டகத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் அமருமிடம். ஆகவே வேதம் ஓதப்படும் வேளையில் மற்றெந்நாட்டுப் பெண்களினும் கொச்சிப் பெண்கள் அதற்கு அணித்தாயிருந்தனர். பத்துப் பேர் கணக்கிலே பெண்களுக்கு இடமில்லை. ஆனால் திருமணங்களிலும் விழாக்களிலும் பாடுவதற்கென மலையாள மொழியிலே அமைந்த பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கெனக் காத்தவர்கள் அவர்களே.

வெளியே அமர்ந்தவர்கள்

இத்துணை அழகு நிறைந்த ஆலயத்தின் வரலாற்றிலே கறையும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு ஓடுகளையும் விளக்குகளையும் மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

தாம் துரத்தப்பட்டு வந்தவர்கள் என்பதைப் பரதேசி யூதர் மறந்தனரோ என்று எண்ணும்படி, அவர்கள் தமக்குள்ளே பிரிவினைகளை வகுத்தனர். வெண்ணிறமுடைய தாமே தூயவர் என்றனர். கரிய நிறமுடைய மலபார் யூதரோடு மணத்தொடர்பு கொள்ள மறுத்தனர். அவர்கள் வந்து தொழலாம். முழு உரிமையுள்ள உறுப்பினராதல் இயலாது. பத்துப் பேரைக் கணக்கிடும் வேளையிலும் அவர்களை விலக்கிய வழக்கம் நெடுங்காலம் இருந்தது. மலபார் யூதருக்கோ தமக்கெனக் கேரளத்தில் வேறு ஏழு ஆலயங்கள் இருந்தன. அவர்கள் அங்கே போய்த் தொழுதனர்.

மூன்றாவது பிரிவினரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பரதேசிக் குடும்பங்களில் அடிமைகளாயிருந்து, யூத சமயத்தை ஏற்று, விடுதலை பெற்றோரும் அவர் சந்ததியாரும் 'மெசுஹ்ராரிம்' எனப்பட்டனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுக்கு வேறு ஆலயம் இல்லை. பரதேசி செபாலயமே அவர்களது ஆலயம். ஆனால் அங்கே அவர்களுக்கு ஆசனம் இல்லை. முன்கட்டின் தரையிலோ வெளிப்படியிலோ அமர்ந்து, உள்ளே நடக்கும் வழிபாட்டைக் காதாற் கேட்டுத் தொழுதனர். பெயர் விடுதலை பெற்றோர், வாழ்வு படிக்கட்டில்.

யூத வேதம் இதற்கு இடங்கொடுத்ததா என்றால், இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இவ்வழக்கு எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரத்துக்கு எழுதி அனுப்பப்பட்டது. அங்கிருந்த தாவீது இப்னு சிம்ரா என்னும் மாபெரும் சட்ட அறிஞர், முறைப்படி நீராட்டுச் சடங்கு நிறைவேறியபின் அவர்கள் எல்லா வகையிலும் யூதரே, மணத்தொடர்புக்கும் தடையில்லை எனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. வேதத்தைவிட வழக்கம் வலிதாய் நிற்பதை நாம் வேறு எங்கும் கண்டதில்லையென்று சொல்லிவிட முடியுமா?

சேலம் என்னும் வழக்கறிஞர்

படியில் அமர்ந்திருந்தோர் குலத்திலே 1882ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஆபிரகாம் பாராக் சேலம். பெயர் நம் செவிக்குத் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்போல ஒலிப்பினும், அது அமைதி என்னும் பொருள்தரும் எபிரேய வேரிலிருந்து வந்தது. எளிய குடும்பத்திற் பிறந்த இவர் தம் பிரிவினருள் முதன்முதலாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று எர்ணாகுளத்தில் வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் அங்கம் வகித்தார். தொழிலாளர் சங்கங்களுக்காக உழைத்தார். பூரண சுதந்திரமே இலட்சியமென முழங்கிய 1929ஆம் ஆண்டின் லாகூர்க் காங்கிரசிலும் கலந்துகொண்டார். இத்தகைய மனிதர், ஓய்வுநாள் வந்ததும் தம் ஆலயத்திலே சரியாசனம் அற்றவராயிருந்தார்!

அக்காலத்து நாட்டுச் சூழ்நிலையையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1924, 1925ஆம் ஆண்டுகளிலே, கொச்சிக்குத் தொலைவில்லாத வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈ. வெ. இராமசாமிப் பெரியார் தமிழ்நாட்டிலிருந்து சென்று அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்ததைத் தமிழர் அறிவர். காந்தியடிகள் காட்டிய அந்த அறப்போர் முறையையே சேலம் தம் ஆலயத்து வாயிலிலும் கைக்கொண்டார். சிலகாலம் ஆலயத்தைப் புறக்கணித்தார். கல்லெறியவில்லை, வசைபாடவில்லை. உரிமையைக் கேட்டார், மறுத்தபொழுது மீண்டும் கேட்டார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரைப் பிற்காலத்திற் குறிப்பிட்டனர்.

பழம் வழக்கம் ஒரே நாளில் விழவில்லை; படிப்படியாக நெகிழ்ந்தது. படியிலிருந்தோர் உள்ளே வந்தனர். தரையிலிருந்தோர் ஆசனத்தில் அமர்ந்தனர். வேதம் வாசிக்கும் உரிமையும் சிறிது சிறிதாகக் கிடைத்தது. 1937ஆம் ஆண்டிலே கொச்சிக்கு வந்து ஆராய்ந்த மண்டல்போம் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டமையைக் கண்டார். ஆனால் கலப்புத் திருமணம் என்னும் கடைசி வேலி 1950ஆம் ஆண்டுவரை நின்றது. ஆலயம் தன் கதவை முழுவதும் திறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

ஊர் கப்பலேறியது

அந்தோ! கதவு திறந்த வேளையிலேதான் ஊர் காலியாகத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டில் இஸ்ரவேல் அரசு உதயமாயிற்று. மூதாதையர் நாட்டுக்குத் திரும்புதல் என்பது நாள்தோறும் செபத்திலே சொல்லி வந்த சொல். இப்பொழுது அது பயணச் சீட்டாயிற்று. கேரளத்திலே அப்பொழுது ஏறத்தாழ 2,500 யூதர் இருந்தனர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை. யூதர் வாழ்ந்த நாடுகள் பலவற்றிலே அவர்கள் பட்ட துன்பம் இந்தியாவிலே பட்டதில்லை என்பதை அவர்களே பெருமையோடு சொல்வர். ஆயினும் மலபார் யூதர் ஊர் ஊராகத் தம் உடைமைகளை விற்றுப் புறப்பட்டனர்.

கொச்சியிற் பரவியிருந்த யானைக்கால் நோயைக் கண்டு அஞ்சிய இஸ்ரவேல் அதிகாரிகள், இவர்களை அனுமதிக்கத் தயங்கினர். 1953ஆம் ஆண்டிலே முதியவரான சேலம் அந்நாட்டுக்குச் சென்று தம்மவருக்காகப் பேசினார். 1955ஆம் ஆண்டளவில் பெரும்பாலார் சென்றுவிட்டனர். வணிகமே அறிந்தவர்கள், பாலை நிலத்தை அடுத்த நெவாத்தீம் முதலிய குடியிருப்புகளிலே உழவராயினர். கண்ணாடிக் கூடங்களிலே மலர் பயிரிட்டு ஏற்றுமதி செய்யுமளவுக்கு முன்னேறினர். அவர்களை வழியனுப்பிய சேலம் தாம் போகவில்லை. 1967ஆம் ஆண்டிலே கொச்சியிலேயே கண்மூடினார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1968இல், பரதேசி செபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழா வந்தது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து விழாவிற் கலந்துகொண்டார். இந்திய அரசு சிறப்பு முத்திரையும் வெளியிட்டது. யூதத் தெரு அத்தகைய கூட்டத்தை அதற்கு முன் கண்டதில்லை எனலாம். ஆனால் விருந்தினர் திரும்பிய பின்னர், தெருவில் எஞ்சியோரோ மிகச் சிலர். பரதேசி யூதர் அப்பொழுதும் நூறு பேர் வரையிலே இருந்த சிறு கூட்டம்தான். பிள்ளைகள் படிப்புக்கும் மணத்துக்குமென ஒவ்வொருவராக வெளிநாடு சென்றனர். முதியோர் ஒவ்வொருவராக இடுகாடு சென்றனர்.

ஆண்டுகள் சில சென்றபின், ஓய்வுநாட் காலைகளில் உறுப்பினர் கூடத்தில் அமர்ந்து ஆட்களை எண்ணத் தொடங்கினர். ஏழு பேர். எட்டுப் பேர். சிலவேளை ஒன்பது. யார் வருவார் என்று வாயிலைப் பார்த்திருந்தனர். உப்பங்கழியைக் கடந்து எர்ணாகுளத்திலிருந்து மலபார் யூதர் ஒருவர் வந்தால், வழிபாடு தொடங்கும். வெளிநாட்டு யூத யாத்திரிகர் ஒருவர் வந்தால், அவரை அன்போடு அழைத்து அமரச் செய்வர். முன்னாளிலே எவரைக் கணக்கிற் சேர்க்க மறுத்தனரோ, அவர் வரவுக்காகவே பின்னாளில் ஆலயம் காத்திருந்தது. படியில் அமர்த்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இருந்திருப்பின், அந்த ஒன்பது பத்தாகியிருக்கும் அல்லவா?

எஞ்சி நிற்பது

பரதேசி செபாலயத்துக்கு வாய்த்த பாதுகாப்பு எல்லா ஆலயங்களுக்கும் வாய்க்கவில்லை. அதே மட்டாஞ்சேரியிலே, கடவும்பாகம் என்னும் மலபார் யூதரின் ஆலயம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பழமையுடையது, மரவேலைக்குப் பேர்போனது. சபையார் 1955ஆம் ஆண்டளவிற் சென்றபின் அது கைவிடப்பட்டுக் கிடங்காயிற்று. அதன் உள்வேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இஸ்ரவேல் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1995ஆம் ஆண்டு முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. கொச்சியில் நின்ற வெறுஞ்சுவரோ 2019ஆம் ஆண்டின் மழையிலே இடிந்து சரிந்தது. ஆலயத்தின் உள்ளம் ஒரு நாட்டிலும் உடல் வேறொரு நாட்டிலுமாகப் பிரிந்தது.

பரதேசி செபாலயம் அத்தகைய கதிக்கு ஆளாகவில்லை. அதன் மணிக்கூட்டுக் கோபுரம் 1990களின் இறுதியில் உலக நினைவுச் சின்ன நிதியத்தின் துணையோடு செப்பனிடப்பட்டது. பார்வையாளர் தரும் கட்டணம் பராமரிப்புக்கு உதவுகின்றது. ஆயினும் 2024ஆம் ஆண்டளவில், அத்தெருவில் வாழ்ந்த பரதேசி யூதரை ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. வெளியூரிலிருந்து யூதர் பதின்மர் கூடும் நாட்களில் மட்டும் அங்கே பழைய முறைப்படி வழிபாடு நடக்கின்றது.

யூதரெல்லோரும் சென்றதற்கு உட்பிரிவினையே காரணமென்று நாம் சொல்லவில்லை. இஸ்ரவேல் நாட்டின் அழைப்பும், மாறிய வாணிகமும், சிறு சமூகத்துக்குரிய மணப் பிரச்சினைகளும் பெருங்காரணங்களாம். ஆயினும் பெரிய கூட்டமாயிருந்த காலத்தில் ஆளை விலக்குவது எளிதாயிருந்தது என்பதையும், விலக்கியதன் விலை சிறுத்த காலத்திலே தெரிந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நானூறாவது ஆண்டு விழா நடந்த அதே 1968ஆம் ஆண்டிலேதான், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, எல்லோரையும் உள்ளே விடவேண்டுமென்று சத்தியாக்கிரகிகள் அமர்ந்திருந்தனர். கொச்சியின் கதையை வேற்றார் கதையென்று நாம் வாசித்து மடித்து வைத்துவிட முடியாதது அதனாலேயே. வெவ்வேறு வேதம், வெவ்வேறு மொழி. அமர்ந்திருந்த படி மட்டும் ஒன்று.

கொச்சிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், வாசகர்கள் யூதத் தெருவுக்கும் சென்று வருவாராக. பாதரட்சையைக் கழற்றிவிட்டு, அந்த நீல ஓடுகளின் மேல் மெதுவாக நடந்து பாருங்கள். விளக்குகளை அண்ணாந்து பாருங்கள். வெளியே வரும்பொழுது, வாயிற்படியில் ஒரு கணம் நில்லுங்கள். தலைமுறை தலைமுறையாகச் சிலர் அமர்ந்து உள்ளேயிருந்து வந்த ஒலியைக் கேட்ட இடம் அது. பிள்ளைகள் உடனிருந்தால், பத்தாவது ஆளின் கதையை அவர்களுக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள்.